சிறுவிரலும் பஞ்சமமும்

என் இடக்கையில் நோய் புகுந்திருக்கிறது என்னும் செய்தியை எனக்கு முதலில் அறிவித்தது வலி அன்று, பஞ்சம சுரம். பிடில் வாத்தியத்தில் ஷட்ஜத் தந்தியின்மீது சிறுவிரலை ஊன்றினால் பஞ்சமம் பிறக்கும். அடுத்திருக்கும் தந்தியை விரல் வைக்காமல் வில்லால் தீண்டினாலும் அதே பஞ்சமம் ஒலிக்கும். இரண்டும் பாலில் பால் கலந்தாற்போல் இழைய வேண்டும். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திருமண வீட்டுக் கச்சேரியில் என் சிறுவிரல் எழுப்பிய பஞ்சமம் ஒரு நூலிழை தாழ்ந்து நின்றது. பக்கத்தில் ஆர்மோனியம் இருந்தது. ஆர்மோனியம் இரக்கமற்ற சாட்சி. அதன் பஞ்சமம் யாருக்காகவும் இறங்கி வராது. பாடகர் திரும்பிப் பார்த்தார். நான் தந்தி இறங்கிவிட்டது என்று எண்ணி முறுக்காணியைத் திருகினேன். தந்தி இறங்கவில்லை.

மறுநாள் வைகறையில் ஒளுச் செய்தபோது ஐயம் தீர்ந்தது. விரல்களைக் கோத்து நீர் புகவிடும்போது மற்ற விரல்களெல்லாம் குளிரை உணர்ந்தன. இடக்கைச் சிறுவிரலுக்கும், அதை அடுத்த மோதிர விரலின் பாதிக்கும் அந்தக் குளிர் எட்டவில்லை. கையுறை அணிந்து தண்ணீரில் கைவிட்டாற்போல் இருந்தது.

அது கஜா புயல் நாகை மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட காலம். நவம்பர் 16-ஆம் நாள் வீசிய காற்றில் எங்கள் தெருவில் கூரை தப்பிய வீடுகள் சிலவே. ஓடு சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே, பார்த்தவர்கள் யாவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: “சுமை தூக்கியதில் சுளுக்கு விழுந்திருக்கிறது.” கையில் வலி என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், நம் ஊரில் ஒவ்வொரு திண்ணையும் ஒரு மருத்துவமனையாகிவிடும்! என் நானா என்னை அண்டை ஊரில் எண்ணெய் தேய்த்து நீவுவதில் பெயர்பெற்ற ஒருவரிடம் அழைத்துப் போனார்.

அவரைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. மீனவர் தெருக்களில் விலகிய தோள்களை அவர் பொருத்திவைத்ததை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். அவர் கைகளில் பலம் இருந்தது. உள்ளத்தில் பரிவும் இருந்தது. எண்ணெயைச் சூடாக்கித் தோளிலிருந்து மணிக்கட்டுவரை நீவினார். முழங்கையின் உட்பக்கத்தில் ஏதோ கயிறுபோல் தட்டுப்பட்டதாம். அதுவே ‘முடிச்சு’ என்று கண்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணில் நீர் வந்தது. வலி வெளியேறுகிறது என்றார். அன்று இரவு இரண்டு விரல்களிலும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தது. மூன்று முறை போன பின்பு, சட்டைப் பொத்தானைப் போட இடக்கை உதவவில்லை.

அந்தக் ‘கயிறு’ யாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கதவு நிலையில் முழங்கை இடித்துக்கொண்டால் விரல் நுனிவரை ஒரு சுளீர் ஓடுவதை நாம் எல்லோரும் அறிவோம். அப்போது இடிபடுவது எலும்பு மட்டும் அன்று. அல்னார் நரம்பு என்னும் நரம்பு கழுத்திலிருந்து புறப்பட்டு, காறை எலும்பின் கீழாக நுழைந்து, மேற்கையின் உட்புறமாக இறங்கி, முழங்கையின் உட்பக்க எலும்புக் குமிழின் பின்னால் உள்ள ஒரு குறுகிய பள்ளத்தைக் கடந்து, சிறுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டு செல்கிறது. விரல்களை அகற்றவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளில் மிகப் பலவற்றை ஆள்வதும் அதுவே. உடம்பெங்கும் தசைக்குள் ஒளிந்து ஓடும் நரம்புகளைப் போலன்றி, அந்தப் பள்ளத்தில் அதன்மேல் தோலைத் தவிரப் பெரிய போர்வை ஏதுமில்லை. கையை மடக்கும்தோறும் பள்ளம் குறுகும், நரம்பு இழுபடும். வீங்கிக் கிடக்கும் நரம்பை அங்கே கட்டைவிரலால் தேய்ப்பது, தீப்பட்ட இடத்தைச் சொரிவதற்கு ஒப்பாகும்.

அடுத்துப் போனது ஒரு நகரத்து மருத்துவ நிலையம். கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கிடையே தேய்மானம் தெரிந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். பத்து நாள் கழுத்தைப் பட்டையால் கட்டி இயந்திரம் இழுத்தது. தோளில் வெந்நீர்ப் பை வைத்தார்கள். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அந்தப் பத்து நாளில் ஒருவரும் என் முழங்கையைத் தொடவில்லை, விரலை ஒரு பஞ்சால்கூடத் தடவிப் பார்க்கவில்லை. ஐம்பது வயது கடந்தவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குத் தேய்மானம் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வலியும் இல்லாமல் வாழ்கிறார்கள். மேலும், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே புறப்படும் நரம்பு வேர் கட்டைவிரல் பக்கத்துக்கு உரியது. சிறுவிரலுக்கு உரியது கழுத்தின் அடியில் புறப்படும் எட்டாவது வேர். மேல்மாடிக் குழாய் அடைத்துக் கிடக்க, கீழ்வீட்டுத் தொட்டியைத் துப்புரவு செய்வதுபோல் ஆயிற்று அந்த வைத்தியம்.

2019 பிப்ரவரியில் கந்தூரி வந்தது. எங்கள் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். தேநீர் ஆறும்வரை வேறு எதையெதையோ பேசினார். பிறகு, “தம்பி, இந்தப் பருவத்துக்கு மட்டும் கீபோர்டுப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்” என்றார். ‘மட்டும்’ என்ற அந்தச் சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிடில் குரலும் வரும், புல்லாங்குழல் குரலும் வரும். அதற்குக் கைவலியும் வராது. அந்த ஆண்டு ஷவ்வாலில் என் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் போன பிறகு ஒன்றும் பேசவில்லை. பிடில் பெட்டியின்மீது படிந்திருந்த தூசியைத் துடைத்து வைத்தார்.

தஞ்சையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னவர் எங்கள் பள்ளிவாசல் முத்தவல்லி. அந்த மருத்துவர் முதல் கால்மணி நேரம் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையே இடுக்கிக்கொள்ளச் சொல்லி இழுத்தார். வலக்கை தாளை நேராகப் பிடித்து நின்றது. இடக்கையிலோ, தாளை விடாதிருக்கக் கட்டைவிரல் தன் நுனியை மடக்கிக் கொக்கி போட்டது. தன் வேலைக்குரிய தசை சோர்ந்ததால் வேறொரு தசை வந்து தாங்குகிறது என்று விளக்கினார். பிறகு இரண்டு முழங்கைகளிலும் நரம்பை மெல்லத் தொட்டு, தடிப்பு இருக்கிறதா என்று ஒப்பிட்டார். முதுகிலும் கைகளிலும் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியபோது உள்ளங்கை வியர்த்தது.

அவர் தேடியது தொழுநோயின் அடையாளத்தை. அந்நோய் மிக விரும்பித் தாக்கும் நரம்புகளுள் இந்த அல்னார் நரம்பும் ஒன்று. அதனால்தான் அந்நோயாளிகளின் விரல்கள் நகம்போல் வளைந்துபோயின. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் அத்தகைய கைகளில் வலுவுள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மூடிய விரல்களைத் திறந்துவைத்தார். உலகத்துக்கு அது புதிது. ஆனால் கத்தியோடு பணி முடிந்துவிடவில்லை. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்பிக்க இயன்முறைப் பயிற்சியாளர்கள் வாரக்கணக்கில் விரல் விரலாகப் பழக்க வேண்டியிருந்தது. கையைத் தொட்டுத் திருத்தும் கலை நம் தமிழ் மண்ணில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க, அதை எட்ட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

தேமல் இல்லை, நரம்பில் தடிப்பும் இல்லை. சர்க்கரையும் அளவோடுதான் இருந்தது. அடுத்து நரம்பில் மின்துடிப்பைச் செலுத்தி அதன் வேகத்தை அளந்தார்கள். நலமுள்ள கையில் இந்த நரம்பில் செய்தி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். என் இடக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை நன்றாகவே ஓடிய துடிப்பு, முழங்கையைக் கடக்கும் இடத்தில் மட்டும் தயங்கிற்று. “இதோ, வாய்க்கால் அடைபட்ட இடம்” என்றார் மருத்துவர். மூன்று மாதம் தருகிறேன் என்றும் சொன்னார். அதற்குள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள மேடு குழிவிழத் தொடங்கினால் அறுவை செய்து நரம்பை விடுவிக்க வேண்டும். தசை கரைந்த பின் வருவது காலங்கடந்த வருகை. குழி விழாவிட்டால் கைப்பயிற்சியே போதும்.

நோயின் பெயரை முதலில் அறிய வேண்டியது ஏன் என்பதற்கு அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷரின் வாழ்க்கை சான்று. 1928-இல் பிறந்த அவருக்கு முப்பத்தைந்து வயதையொட்டி வலக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. எனக்கு மரத்த அதே இரு விரல்கள்தாம்! ஆனால் நோய் வேறு. அவருடையது டிஸ்டோனியா, நரம்பு வழியில் அடைப்பு ஏதும் இல்லை, மூளை அனுப்பும் கட்டளையே பிறழ்ந்துவிட்டது. இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், வாத்தியக் குழுக்களை நடத்தியும், மாணவருக்குக் கற்பித்தும் முப்பது ஆண்டு காத்திருந்தார். நாடாத வைத்தியமில்லை. 1990-களில் இரண்டு உதவிகள் ஒன்றுசேர்ந்தன. ஒன்று, ஐடா ரால்ஃப் என்னும் அம்மையார் வகுத்த, தசைகளைப் போர்த்திருக்கும் உறைகளை ஆழ நீவித் தளர்த்தும் முறை. மற்றொன்று போட்டாக்ஸ் ஊசி. கல்லாய் இறுகிக் கிடந்த கை நீவலில் இளகியது. சுருளும் விரலை ஊசி அடக்கியது. இரு கைகளாலும் அவர் வாசித்த இசைத்தட்டு 2004-இல் வெளிவந்தது. அவருக்கு அருமருந்தாக அமைந்த அந்த ஆழ்ந்த நீவலை என் முழங்கைப் பள்ளத்தில் செய்திருந்தால் கேடாகவே முடிந்திருக்கும்.

இது புதிய ஞானமும் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில், கடினமான தேய்ப்பு உடலை இறுக்கும், மென்மையான தேய்ப்பு தளர்த்தும், நெடுநேரத் தேய்ப்பு மெலியச் செய்யும், அளவான தேய்ப்பு வளர்க்கும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். நாமோ ‘நீவிவிட்டார்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம்.

மருத்துவர் அனுப்பிவைத்த இயன்முறைச் சிகிச்சையாளர் என் மகளைவிட மூன்று நான்கு வயது மூத்த பெண். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, “பிடிலைக் கொண்டுவந்திருக்கிறீர்களா, ஐயா?”

“கைக்குத்தானே வைத்தியம், அம்மா?”

“நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டா வாசிக்கிறீர்கள்? வாசிக்கிற கையைத்தானே நான் பார்க்க வேண்டும்?”

அடுத்த முறை கொண்டு போனேன். தரையில் பாய் விரித்து என்னை அரைமணி நேரம் வாசிக்கச் சொன்னார். தாமும் தரையில் அமர்ந்து, முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் இருந்து பார்த்தார். அவருடைய பாடநூல்களில் உள்ள படங்களெல்லாம் நின்றுகொண்டு தோளில் வாத்தியத்தைத் தாங்கும் மேனாட்டாரைப் பற்றியவை. நாமோ சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்புறத்தை இட மார்பில் சாய்த்து வாசிப்பவர்கள். அந்த இருக்கையில் முதுகு கூனினால் தோள் முன்னே சரியும். முழங்கை வயிற்றை நோக்கி ஒடுங்கி மடங்கும். உச்ச ஸ்தாயிக்குப் போகப்போக மடிப்பு இன்னும் கூடும். கந்தூரி இரவுகளில் ஐந்து மணி நேரம் இந்தக் கோலத்தில் இருப்பவனுக்கு எந்த ஓடும் சுமக்க வேண்டியதில்லை.

பின்பு என் மனைவியை உள்ளே அழைத்து, நான் எப்படித் தூங்குவேன் என்று கேட்டார். “கையை மடக்கித் தலைக்குக் கீழே வைச்சுக்கிட்டுத்தான் தூங்குவாங்க. முப்பது வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன்” என்றார் என் மனைவி. அந்த வெற்றிப் புன்னகை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஆக, பகலில் பிடில் மடக்கியதை இரவில் தூக்கம் மடக்கிற்று. முதல் மருந்து, ஒரு பழைய துவாலை! அதை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு உறங்க வேண்டும். கை முழுதும் மடங்காது. முழங்கையை மேசைமேல் ஊன்றலாகாது. செல்பேசியைக் காதருகே நெடுநேரம் பிடிக்கலாகாது. இவை வைத்தியமா என்று முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் வைகறை மரமரப்புப் பாதியாயிற்று.

அவர் கைகள் எங்கே தொட்டன என்பதுதான் வியப்பு. முழங்கைப் பள்ளத்தை அவர் ஒருநாளும் அழுத்தவில்லை. கழுத்தின் பக்கத்தசைகள், காறை எலும்பின் கீழே மார்பின் மேற்பகுதி, மேற்கையின் உட்புறம், முன்கையின் சதைப்பகுதி ஆகிய இடங்களில், அந்த நரம்பு நடந்துவரும் தெருவின் இருமருங்கையும் தளர்த்தினார் என்று சொல்ல வேண்டும். விரல் பட்ட இடத்தில் இதமான அழுத்தம், அவ்வளவே. “விரலில் ஊசி குத்தினாற்போல் வந்தால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம்” என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினார். பொறுப்பதையே வைத்தியத்தின் விலையாகப் பழகிய எனக்கு அது புதுமையாக இருந்தது.

பின்னர் நரம்பை நகர்த்தும் பயிற்சி. நரம்பு இழுத்துக் கட்டிய தந்தி அன்று. உறைக்குள் வழுக்கி நகர வேண்டியது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையைச் சிறிதே மடக்கி நீட்டும்போது தலையையும் அதற்கிசையச் சாய்க்க வேண்டும். ஒருபுறம் நரம்பு இழுபட்டால் மறுபுறம் தளரும். பத்து முறை, அதற்குமேல் இல்லை. ஒருநாள் ஆர்வத்தில் முப்பது முறை செய்யட்டுமா என்று கேட்டேன். “சுருதி சேர்ந்த பிறகும் முறுக்காணியைத் திருகுவீர்களா?” என்றார். இசைக்காரனை அடக்க அவருக்கு அதற்குள் வழி தெரிந்துவிட்டது.

தம் சிகிச்சையின் பயனை அவர் அளந்த விதத்தையும் குறிப்பிட வேண்டும். மேசையை விட்டு எழும்போது சுகமாக இருக்கிறதா என்று அவர் கேட்டதே இல்லை. மறுநாள் காலையில் விரல் எப்படி இருந்தது என்பதையே கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை அதே தாள், அதே இழுப்பு. ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டார். நூறு கைகளை நலமாக்கியவர் என்று பிறர் சொல்லும் புகழைவிட, என் ஒரு கையைப் பற்றி அவர் எழுதிவைத்த அந்த இரண்டு பக்கம் எனக்குத் தெம்பளித்தது.

வாசிப்பை அவர் முழுதும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. இருக்கைக்குக் கீழே மடித்த போர்வை ஒன்று. இடுப்பு உயர்ந்ததும் முதுகு தானே நிமிர்ந்தது. பிடிலைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பிப் பிடித்தால் முழங்கை விரியும் என்றார். இதில் மட்டும் நான் எளிதில் இணங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் உஸ்தாது காட்டித் தந்த பிடி அது. அவர் எதிர்வாதம் செய்யவில்லை. பழைய பிடியில் இரண்டு நிமிடமும் புதிய பிடியில் இரண்டு நிமிடமும் வாசிக்கச் சொல்லி, எப்போது விரல் மரக்கிறது என்று என்னையே கவனிக்கச் சொன்னார். விடை என் விரலிலேயே இருந்தது.

நரம்பிழை அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதமே வளரும். முழங்கையிலிருந்து விரல்நுனியை எட்ட ஓராண்டு ஆகும். இழை உயிரோடிருந்து மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ செய்தி ஓடத் தொடங்கும். எனக்கு இரண்டும் கலந்திருந்தன போலும். மூன்றாம் மாத முடிவில் மருத்துவர் கட்டைவிரல் மேட்டைத் தொட்டுப் பார்த்து, கத்திக்கு வேலையில்லை என்றார். ரமலானில் மோதிர விரல் தெளிந்தது. ஷவ்வாலில் மகளின் நிக்காஹ் நடந்தபோது அல்ஹம்துலில்லாஹ், சட்டைப் பொத்தானை நானே போட்டேன்; வாசிக்கத்தான் இல்லை. 2019 நவம்பரில் மீலாது மேடையில் ஒரு மணி நேரம் வாசித்தேன். கீபோர்டுப் பையனும் பக்கத்தில் இருந்தான். நல்ல பிள்ளை, சுருதி சேர்க்கும்போது தன் ஒலியைக் குறைத்துக்கொண்டான்.

சிறுவிரலின் நுனியில் ஒரு நெல்மணி அளவு இடம் இன்றும் மந்தமாகவே இருக்கிறது. பஞ்சமத்தை இப்போது அந்த விரல்நுனியால் தேடுவதில்லை. காதால் தேடி, விரலைக் கொண்டுபோய் வைக்கிறேன். ஐந்து மணி நேரக் கச்சேரிகளை ஏற்பதில்லை. துவாலை இன்னும் என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் குழுவின் தபலா வாசிக்கும் இளைஞர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரவில் முதல் மூன்று விரல்கள் மரக்கின்றனவாம். அவருக்குச் சிறுவிரல் நன்றாயிருக்கிறது. ஆகவே நரம்பு வேறு, அடைபட்ட இடமும் வேறாக இருக்கலாம். என் துவாலையை அவருக்குச் சிபாரிசு செய்யவில்லை. தஞ்சை மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அந்தப் பெண்ணிடம் அனுப்பினால் தபலா இரண்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பேருந்தில் இடம் கிடைக்குமா என்று யோசித்தார். நானா வீட்டு ஆட்டோவை அனுப்பிவைத்தேன்.